ஓடிபி சொல்கிறவள்

2024ஆம் ஆண்டு மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.19க்கு மதுமதி ஒரு திருடனுக்கு ஆறு எண்களை வாசித்துக் காட்டினாள். அவசரப்படாமல், இரண்டிரண்டாகப் பிரித்து, அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும்வரை காத்திருந்து வாசித்தாள். "சரிங்க அக்கா, ரொம்ப நன்றிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். பிற்பாடு அவளை மிகவும் எரித்தது அந்த நன்றிதான். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் அவள் அறுபத்திரண்டு முறை ஓடிபி சொல்லியிருந்தாள். வீட்டு ஆட்களிலோ வண்டி ஆட்களிலோ ஒருவர்கூட அவளுக்கு நன்றி சொன்னதில்லை.

மதுமதிக்கு அப்போது முப்பத்தேழு வயது. மோகனூர் அருகே காவிரிப் பாசனத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். நாமக்கல்லில் பி.காம். முடித்துவிட்டு வங்கி வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். நுழைவுச்சீட்டும் வந்தது. தேர்வு நாளுக்குப் பதினொரு நாள் முன்னதாகக் கல்யாணம் நடந்துவிட்டது. கணவன் மதியழகனின் ஊர் திருச்செங்கோட்டுக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர். அண்ணன் சுப்பையனோடு கூட்டாக ஒரு ரிக் வண்டி வைத்திருந்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டி மழைக்காலத்தில் மட்டும்தான் ஊர் திரும்பும். மற்ற மாதங்களில் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஏதாவது ஒரு பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். மதியழகன் பாதி நாள் வண்டியோடு இருப்பான். மதுமதி நான்கு கறவை மாடுகளையும், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் கனிஷ்காவையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தாள்.

டீசலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ரொக்கம் அனுப்பி மாளாமல் மதியழகன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார்கள். நான்கு லட்சம் வரை செலவழிக்கலாம். வண்டி நிற்கிற காட்டில் டவர் கிடைப்பது அரிது. மதியழகன் போனுக்கு வருகிற செய்தி மறுநாள்தான் போய்ச் சேரும். ஆகையால் வங்கியில் கொடுத்த எண் மதுமதியுடையது. கொடுத்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். "ஓடிபி வரும். கேட்டா சொல்லு, அவ்வளவுதான்" என்றான் மதியழகன்.

கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து 'வண்டி' என்ற வாட்ஸப் குழுவில் போட்டுவைத்தார்கள். டிரைவர், டிரில்லர், உதவியாட்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் குழுவில் ஒன்பது பேர். மதுமதி அதில் இல்லை. பொருள் தேவைப்பட்டவர் படத்தைப் பார்த்துக் கார்டு எண்ணைத் தட்டுவார். டவர் இருக்கிற மேட்டில் நிற்பவன் ஒருவன், தன் போனிலோ உள்ளூர்க்காரர் போனை இரவல் வாங்கியோ, ஊருக்குப் பேசி ஆறு எண்களை வாங்குவான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அதே தெருவில் இருந்த மற்ற மூன்று வண்டிக்காரர் வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். ஆண்கள் வடக்கே துளை போடுவார்கள். பெண்கள் இங்கே ஓடிபி சொல்வார்கள். யாருக்கும் இதில் குறையொன்றும் தெரியவில்லை.

சம்பவம் நடந்த அன்று வண்டியின் மேனேஜர் அறிவு, தன் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தான். பாறையைக் குடைகிற இரும்புத் தலைக்கு அவர்கள் தொழிலில் பிட் என்று பெயர். கம்பெனி பிட் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றது விளம்பரம். அதிலிருந்த எண்ணுக்குப் பேசினால் எதிர்முனையில் ஒருவன் தமிழில் பேசினான். ஹேமர், கம்ப்ரசர் என்று துளைக் கருவிகள் எல்லாம் தெரிந்தவனாகவும் இருந்தான். அறிவு மகிழ்ந்துபோய், அவன் அனுப்பிய இணையதளத்தில் கார்டு விவரத்தைத் தட்டினான். "ஓடிபி ஊட்டுக்குத்தானுங்க போகும். எங்க அக்காகிட்டக் கேட்டுத்தான் சொல்லோணும்" என்றும் அவனிடம் சொன்னான். பொருள் வந்து சேர வேண்டிய முகவரிக்காக அந்த அக்காவின் எண்ணையும் கொடுத்தான். 11.06க்கு அறிவு கேட்க, மதுமதி ஓடிபி சொன்னாள். இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது.

அடுத்த அழைப்பு 11.18க்கு. அவள் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தவிடு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, அறிவண்ணன் பேசச் சொன்னாப்லீங்க. இங்க டவரு சரியில்லீங்க, ஆர்டரு பாதியில நின்னுபோச்சு. இப்ப இன்னொரு ஓடிபி வந்திருக்குமுங்க."

"நீ ஆரு சாமி? குரல் புதுசா இருக்குது?"

"போன வாரந்தானுங்க அக்கா வண்டியில சேந்தேன்."

உதவியாட்கள் மாதம் ஒருவர் ஓடிப்போவதும் புதியவர் வருவதும் அந்தத் தொழிலில் வாடிக்கை. அவள் சுண்டுவிரலால் திரையைத் தள்ளி ஆறு எண்களையும் வாசித்தாள்.

கை கழுவிவிட்டு வந்தபோதுதான் அந்தச் செய்தியை முழுதாகப் படித்தாள். எண்ணுக்கு முன்னும் பின்னும் எழுத்துகள் இருந்தன. எவ்வளவு தொகை, எந்தக் கடை, இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை, எல்லாமே இருந்தன. தொகை 94,800. கடை, பரிசுக் கூப்பன் விற்கிற ஏதோ ஒரு தளம்.

அறிவைக் கூப்பிட்டாள். நான்காவது முறைதான் கிடைத்தான்.

"அறிவு, இப்ப ஓடிபி கேட்டானே, அவன் பேரென்ன?"

"எவனுங்க அக்கா?"

"போன வாரம் சேந்தவனாமே."

"போன வாரம் ஆரும் சேரலீங்களே. ரெண்டு பேரு ஓடித்தான் போனானுங்க." சொன்னதும் அவனுக்கே ஏதோ உறைத்தது. பிறகு அறிவு, "அக்கா, சொல்லீட்டீங்களா?" என்றான்.

வங்கியின் எண் கார்டின் முதுகில் இருந்தது. கார்டு சத்தீஸ்கரில் இருந்தது. கார்டின் படம் அவள் இல்லாத குழுவில் இருந்தது. அறிவு அதை அவளுக்கு அனுப்பி, அது வந்து திறக்க ஆறு நிமிடம் ஆயிற்று. 11.33க்கு அழைத்தாள். தமிழுக்கு எந்த எண், கார்டுக்கு எந்த எண், தொலைந்துபோனால் எந்த எண் என்று அழுத்தி அழுத்தி, நடுநடுவே இசை கேட்டு, 11.44க்கு ஒரு மனிதக் குரலை எட்டினாள்.

"மேம், கார்டு ஹோல்டர் மிஸ்டர் மதியழகன் பக்கத்துல இருக்காரா?"

"அவரு சத்தீஸ்கர்ல இருக்காருங்க. டவர் இல்லாத காடு. நான் அவரு சம்சாரம். கார்டை உடனே நிறுத்துங்க, திருடன் கையில விவரம் மாட்டிக்கிச்சு."

"அவர் லைன்ல வந்து வெரிஃபை பண்ணாதான் பிளாக் பண்ண முடியும் மேம்."

"அதுக்குள்ள மிச்சக் காசும் போயிருமுங்க."

"உங்க கவலை புரியுது மேம்."

"என்னங்க புரியுது? ஓடிபி என்ற நம்பருக்குத்தானே அனுப்புனீங்க? அப்ப வெரிஃபை பண்ணுனீங்களா? லட்ச ரூபா போறதுக்கு என்ற பேச்சு செல்லும், அதை நிறுத்தறதுக்குச் செல்லாதா?"

"அது சிஸ்டம் அனுப்பறது மேம்."

"அப்ப அந்தச் சிஸ்டத்துகிட்டக் குடுங்க, நான் பேசிக்கறேன்."

வங்கி ஊழியன் புகாரைப் பதிந்துகொள்வதாக மட்டும் சொன்னான். 11.52க்குப் புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. அவள் அதோடு நிற்கவில்லை. இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணைக் கனிஷ்காவின் பள்ளியில் ஒட்டியிருந்த அறிவிப்பில் பார்த்த நினைவு, அதற்கும் அழைத்தாள். அங்கே விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு ஒப்புகை எண் கொடுத்தார்கள். அதை அவள் எழுதி முடித்த வேளையில், 12.08க்கு, போன் மறுபடி அதிர்ந்தது. 88,250 ரூபாய். இந்த முறை ஓடிபியும் இல்லை, கேள்வியும் இல்லை. வெளிநாட்டுத் தளம், அப்படிப்பட்ட தளங்களில் கார்டு எண்ணும் முதுகிலுள்ள மூன்று இலக்கமும் போதும். அந்த வசதி, கார்டு வாங்கிய நாள் முதல் திறந்தே கிடந்தது. திறந்து கிடப்பது அண்ணன் தம்பி இருவருக்கும் தெரியாது.

12.40க்கு மதியழகனை மோட்டார் சைக்கிளில் வைத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் குரலைக் கேட்டதும் வங்கி இரண்டு நிமிடத்தில் கார்டை முடக்கியது. மொத்தம் போனது இரண்டு லட்சத்து நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.

சாயங்காலம் சுப்பையன் வந்தார். அவர் வீடு இரண்டு வீடு தள்ளித்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார். அப்படி நின்றால் தெரு முழுக்கக் கேட்கும்.

"ஏம்மிணி, பி.காம். படிச்ச புள்ளைனு பெருமையாச் சொல்லீட்டிருந்தோம். போன்ல எவன் கேட்டாலும் சொல்லீர்றதா?"

"எவன் கேட்டாலும் சொல்லுனு சொன்னது நீங்கதானுங்க பெரிய மாமா."

"நம்மாளு கேட்டா சொல்லோணும். திருடன் கேட்டா?"

"நம்மாளு ஆருன்னு எனக்கு எப்பத் தெரிவிச்சீங்க? வண்டியில யாரு சேந்தாங்க, யாரு போனாங்கனு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

 சுப்பையன் பார்வை அவள் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. "ஆறு பவுனாச்சே அது? அடகு வெச்சா ரெண்டு லட்சம் குடுப்பான். வண்டி நட்டத்துல ஓடுது. உன்ற கையால போனது உன்ற கையாலயே வரட்டும். ஞாயித்துக்கெழம மதி வாரான், அதுக்குள்ள யோசிச்சு வை."

அந்தச் சங்கிலி பிறந்த வீட்டுச் சீதனம் அல்ல; கணவன் வாங்கித் தந்ததும் அல்ல. பதினொரு வருடம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த பணத்தில், ஒவ்வொரு பவுனாகத் தங்கக் காசு வாங்கிச் சேர்த்து, கடைசியில் ஒன்றாக உருக்கிச் செய்தது. அதைச் சுப்பையன் அறிவார். மதியழகனும் அறிவான். அன்றிரவு அவன் மேட்டுக்கு வந்து பேசினான்.

"அண்ணன் ஏதோ கோவத்துல சொல்லியிருக்காரு. இருந்தாலும் தப்பு நடந்துபோச்சுல்ல மது?"

"யாரு தப்பு?"

"ஓடிபி நீதானே சொன்னே?"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதன்முறையாக அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்தாள். சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பதாக இல்லை என்பதை அந்த நிமிடத்தில் முடிவு செய்துவிட்டாள். தங்கம் பெரிதல்ல. அதைக் கழற்றிக் கொடுத்தால் குற்றம் தன்னுடையது என்று தானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அவளால் பொறுக்க முடியாதது அதுதான்.

மறுநாள் புதன்கிழமை, திருச்செங்கோட்டு வங்கிக் கிளை திறக்கும்போதே அவள் புகார்க் கடிதத்தோடு வாசலில் நின்றாள். கார்டு பிரிவில் இருந்தவர் சுகன்யா என்ற அதிகாரி. முப்பது வயது இருக்கும். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஓடிபி ஷேர் பண்ணியிருக்கீங்க. அது கஸ்டமரோட அஜாக்கிரதை. பேங்க் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"ரெண்டு தடவை சொன்னேன். ஒத்துக்கறேன். மூணாவது போனதுக்கு யாருங்க ஓடிபி சொன்னது?"

சுகன்யா திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார். "அது இன்டர்நேஷனல். ஓடிபி தேவையில்ல."

"அது போனது 12.08. நான் உங்களுக்குப் புகார் சொன்னது 11.44. புகார் நம்பரை நீங்களே 11.52க்கு அனுப்பியிருக்கீங்க. இருபத்திநாலு நிமிஷம் கார்டைத் திறந்து வெச்சிருந்தது நீங்கதானுங்களே? தெரிவிச்சதுக்கு அப்பறம் போற பணம் பேங்க்கோட பொறுப்புனு ரிசர்வ் பேங்க் விதியில இருக்குதுங்க. நேத்து ராத்திரி படிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறேன்."

"கார்டு ஹோல்டர் தெரிவிக்கணும் மேடம்."

"ரெஜிஸ்டர் பண்ணுன நம்பர்ல இருந்து தெரிவிச்சிருக்குது. அந்த நம்பர் ஆரோடதுனு கேக்காம லட்ச ரூபாய்க்கு ஓடிபி அனுப்புவீங்க. அதே நம்பர்ல இருந்து பொம்பள பேசுனா மட்டும் ஆருன்னு கேப்பீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "நல்லாக் கேளுங்க அம்மிணி, எனக்கும் இதேதான் நடந்துச்சு" என்றார். சுகன்யா முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். கடிதத்தை வாங்கிக்கொள்வதாகவும், ஆனால் கார்டுதாரர் கையெழுத்தில்லாமல் முத்திரை போட இயலாது என்றும் சொன்னார். மதுமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு முத்திரை, அதன்மேல் தேதி, நேரம். அது இல்லாமல் எழுந்திருக்கப்போவதில்லை என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டதே என்ற எண்ணம் வந்து, அந்த எண்ணமும் கோபமாகவே மாறியது. இடையில் கிளை மேலாளர் வந்து எட்டிப் பார்த்துப் போனார். கடைசியில் சுகன்யா முத்திரையை ஓங்கிக் குத்திக் கடித நகலை நீட்டினார். நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "இங்க விடாதீங்க, மேல புகாரைப் பாக்கற நோடல் ஆபீசருக்கு மெயில் போடுங்க. உங்க ஹஸ்பண்ட் மெயில்ல இருந்து போடுங்க. முப்பது நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்க" என்றார். அதுவரை பார்த்த முகமாக அது இல்லை.

மின்னஞ்சலுக்கு ஆதாரம் சேர்க்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை அவள் போனிலிருந்த வங்கிச் செய்திகள் எல்லாவற்றையும் முதல் செய்தியிலிருந்து திறந்தாள். கனிஷ்காவின் பழைய நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தாள்: தேதி, நேரம், கடை, தொகை. ஐந்தாவதாக ஒரு பத்தியும் சேர்த்தாள்: கேட்டது யார். போனின் அழைப்புப் பட்டியலை வைத்து அதையும் நிரப்பினாள். அறுபத்துமூன்று வரிகள். அத்தனை செய்திகளிலும் அவள் இதுவரை படித்திருந்தது ஆறு எண்களை மட்டும்தான். சுற்றியிருந்த எழுத்தை ஒருபோதும் படித்ததில்லை. படிப்பது உன் வேலையல்ல என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிர்முனையில் எப்போதும் ஒருவன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

இப்போது நிதானமாகப் படித்தாள். டீசல், ஹோஸ் குழாய், ஹேமர் எண்ணெய். அவற்றின் நடுவே ஒரு ஷூ கடை. காதில் மாட்டுகிற இயர்போன் விற்கிற கடை இரண்டு முறை. சீட்டு விளையாட்டுச் செயலிக்கு ஆயிரம், மறுபடி ஆயிரம், மறுபடி இரண்டாயிரம். ஜனவரி 11, மாலை 5.40, தொலைக்காட்சிப் பெட்டிக் கடை, 54,990. அந்த அழைப்பை அவள் நன்றாக நினைவு வைத்திருந்தாள். "வண்டிக்குப் பேட்டரி வாங்கறேன் அம்மிணி, நம்பரைச் சொல்லு" என்று கேட்டவர் சுப்பையன். அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் புதிதாக ஐம்பத்தைந்து அங்குல டிவி வந்தது.

நோட்டை மூடிவைத்துவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.  திருடனாவது ஒரே நாளில் வந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதியழகன் வந்து சேர்ந்தான். பத்து மணிக்குச் சுப்பையனும் அவர் மனைவி சாலம்மாளும் வந்தார்கள். இந்த முறை சுப்பையன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மதுமதி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி, யோசிச்சயா?"

"யோசிச்சனுங்க. என்ற கையால போனது என்ற கையாலயே வரட்டும்னு சொன்னீங்க. அப்ப என்ற கையால என்னென்ன போச்சுனு தெரியோணுமில்லீங்களா? அதான் எழுதி வெச்சிருக்கறேன். படிக்கறேன், கேளுங்க."

"திருட்டுப் போனதை மட்டும் சொல்லு போதும்."

"எது திருட்டுனு கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க."

அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். டீசலுக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். ஷூ வந்தபோது மதியழகன், "இது எவன்?" என்று நிமிர்ந்தான். இயர்போனுக்கு அவன் முகம் சுருங்கியது. சீட்டு விளையாட்டுக்குச் சாலம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "கெணறு தோண்டப் போனானுங்களா, சீட்டாடப் போனானுங்களா?"

"ஜனவரி பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சு நாப்பது" என்றாள் மதுமதி. "ஐம்பத்தஞ்சு இஞ்ச் டிவி. ஐம்பத்தி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கேட்டது பெரிய மாமா. என்கிட்டச் சொன்னது வண்டி பேட்டரினு."

சாலம்மாள் சிரிப்பை நிறுத்தினார். மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, அது எங்கண்ணன் பொங்கச் சீருன்னு சொன்னீங்க?"

"அது வந்து..."

"எங்கண்ணனுக்கு நான் போன் பண்ணி நன்றி வேற சொன்னனுங்களே! அவன் எதுவும் தெரியாம 'சரி சரி'ன்னானே, பாவி! சீரு செஞ்ச பெருமைய அவன் இன்னும் ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறான்."

மதியழகனுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. சுப்பையன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "கூட்டு வண்டி. எனக்கும் பாதி உண்டு. என்ற பங்குல கழிச்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"கழிச்சுக்குங்க. ஆனா பேட்டரினு ஏன் சொன்னீங்க?" மதுமதியின் குரல் உயரவில்லை. "என்கிட்ட ஆரும் உண்மைய சொல்லோணும்னு இல்லாமப் போச்சு. பேட்டரின்னாலும் சொல்லுவா, பிட்டுன்னாலும் சொல்லுவா. ஒம்பது பேரு கையில கார்டுப் படம். எது கேட்டாலும் ஏன்னு கேக்காத ஒருத்தி இங்க. இப்படி வெச்சிருந்தா திருடன் வராம என்ன பண்ணுவான்? அவன் புதுசா எதுவும் பண்ணலீங்க. நீங்கெல்லாம் எப்படிக் கேட்டீங்களோ அப்படியே கேட்டான். உங்களைவிட மரியாதையாக் கேட்டான்."

நோட்டை மூடி எதிரே வைத்தாள்.

"சங்கிலி கழறாது" என்றாள். "மூணாவது போன எம்பத்தெட்டாயிரத்தை பேங்க்காரங்க திருப்பிக் குடுக்கோணும். மெயில் எழுதி வெச்சிருக்கறேன், இவரு அனுப்போணும். மத்தது வண்டி நட்டம். வண்டி நட்டம் வண்டியோடதுங்க."

சாலம்மாள் எழுந்தார். "வாங்க ஊட்டுக்கு. அந்த டிவிய எந்தப் பக்கம் இருந்து பாக்கறதுனு ஒரு முடிவு பண்ணலாம்" என்று கணவனை அழைத்துக்கொண்டு போனார்.

மதியழகன் அன்று மாலை மின்னஞ்சலை அனுப்பினான். அனுப்பிவிட்டு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அண்ணனை அண்ணி எதிரிலேயே அவமானப்படுத்திவிட்டாள் என்பது அவன் வருத்தம். தெருவில் நின்று தன்னை அவமானப்படுத்தியபோது அந்த வருத்தம் எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டாள்.  நான்காம் நாள், வடக்கே கிளம்புவதற்கு முன், 'வண்டி' குழுவிலிருந்த கார்டுப் படத்தைத் தானே அழித்தான். ஒன்பது போன்களில் அது ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கார்டு செத்துப்போயிருந்ததால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வங்கி முதலில் மறுத்தது. கார்டுதாரர் தன் எண்ணைப் பிறரிடம் ஒப்படைத்தது விதிமீறல் என்று ஏப்ரல் 2இல் ஒரு பதில் வந்தது. மதுமதி இரண்டாவது மின்னஞ்சல் எழுதினாள். 11.44, 11.52, 12.08 என்ற மூன்று நேரங்களையும் வரிசையாகப் போட்டு, 1930இன் ஒப்புகை எண்ணையும் முத்திரை பதித்த கடித நகலையும் இணைத்து, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போகப்போவதாக ஒரே வரியில் முடித்தாள். ஏப்ரல் 24இல் 88,250 ரூபாய் கணக்கில் திரும்ப வந்தது. மற்ற 1,16,300 ரூபாய் வரவில்லை. அந்த விளம்பரமும் தளமும் இரண்டு நாளிலேயே மறைந்துவிட்டன. அவளை அக்கா என்று அழைத்தவனின் எண் அணைந்தே கிடந்தது. இணையக் குற்றப் பிரிவில் வழக்கு இருக்கிறது. மாதம் ஒருமுறை அவள் விசாரிக்கிறாள். விசாரணை நடக்கிறது என்கிறார்கள்.

புதிய கார்டு வேண்டும் என்ற பேச்சு மே மாதம் எழுந்தது. டீசலுக்குத் திண்டாட்டம். இந்த முறை அவர்கள் அவளிடம் கேட்டார்கள்.

"உன்ற நம்பரையே குடுத்தர்லாமா மது?" என்றான் மதியழகன், போனில்.

"குடுக்கலாம். கார்டும் என்ற பேர்ல இருந்தா."

"உம் பேர்ல எப்படிக் குடுப்பான்? வருமானச் சான்று கேப்பான்."

"பேங்க்ல கேட்டுப்போட்டேன். ஒரு லட்சம் டெபாசிட் போட்டா அது மேல குடுக்கறாங்க. அந்த டெபாசிட்டுக்கு மேல ஒரு பைசா போகாது. எவன் திருடுனாலும் அதோட நின்னுரும்."

விஷயம் சுப்பையன் காதுக்குப் போனது. கூட்டு வண்டிப் பணத்தைத் தம்பி மனைவி பெயரில் போடுவதா என்று சாயங்காலம் நேரில் வந்து கேட்டார். கூடவே சாலம்மாளும் வந்திருந்தார்.

"வேண்டாம்னா விட்டுருங்க பெரிய மாமா. உங்க பேர்லயே வாங்குங்க. உங்க நம்பரையே குடுங்க."

"அது நல்லது" என்றார் சாலம்மாள் உடனே. "இவரு போன் எப்பவும் எங்கிட்டத்தான் கெடக்குது. வர்ற செய்தியெல்லாம் நானே ஒண்ணுவிடாமப் படிச்சுச் சொல்றேன்."

சுப்பையன் மனைவியைப் பார்த்தார். பிறகு மதுமதியைப் பார்த்தார். "மது பேர்லயே இருக்கட்டும். படிச்ச புள்ள" என்றார்.

கார்டு ஜூன் 6இல் வந்தது. வந்த அன்றே வெளிநாட்டுத் தளங்களுக்கான வசதியை மூடினாள். இணையத்தில் ஒரு முறைக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தாள். அறிவு அழைத்தான்.

"அக்கா, படம் எடுத்துக் குரூப்புல போட்டுருங்க. இங்க அவசரமுங்க."

"படம் கெடையாது. எந்தக் கடை, என்ன பொருள், எவ்வளவுனு முதல்ல எனக்குச் சொல்லு. கடைய நான் பாக்கறேன். சரியிருந்தா நானே இங்கிருந்து காசு கட்டறேன்."

"எங்க மேல நம்பிக்கை போச்சுங்களா அக்கா?"

"இல்ல சாமி, நீங்க ஆரும் என்மேல வெக்கல. அதுதான்."

 பயந்துகொண்டே, "இன்னும் கோவமா இருக்கீங்களாக்கா?" என்றான் அறிவு.

"ஆமா. கோவமாத்தான் இருக்கறேன். கடை பேரைச் சொல்லு."